நாணய முகத்துக்குப் பிளாஸ்டர் மாதிரி செய்யும் முறை

25 மி.மீ. நாணயத்துக்கு 200 மி.மீ. வட்டத்தில், அதாவது எட்டு மடங்கில், மாதிரி செய்வது வசதி. முன்பு ழான்வியே இயந்திரம் அதை எஃகில் சிறிதாக்கித் தந்தது. இன்று ஸ்கேனரும் சிஎன்சி எனும் கணினிவழி வெட்டும் இயந்திரமும் தருகின்றன. எந்த வழியானாலும் மாதிரியில் இருக்கும் பிழையும் சேர்ந்தே இறங்கும்.

முதலில் உயரக் கணக்கு. நாணயத்தில் புடைப்பு 0.3 மி.மீ. என்றால் மாதிரியில் உங்களுக்குக் கிடைப்பது 2.4 மி.மீ. மூக்கு, கன்னம், காது, கழுத்து எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். முழுச் சிலை செய்து பழகிய கை தடுமாறுவது இங்கேதான். மூக்கை உயர்த்தாதீர்கள், அதன் பக்கச் சரிவைத் தெளிவாக்குங்கள், நிழல் தானே விழும். சரிவு செங்குத்திலிருந்து 10 டிகிரிக்குக் குறைய வேண்டாம். பக்கச் சுவரில் உள்நோக்கிக் குடைந்த இடம் ஒன்று இருந்தாலும் அச்சிலிருந்து நாணயம் பிரியாது.

தட்டையான பிளாஸ்டர் வட்டின் மேல் பிளாஸ்டிசின் எனும் உலராத களிமண்ணில் உருவத்தை ஏற்றுங்கள். விளக்கைப் பக்கவாட்டில் வைத்து வட்டைச் சுழற்றிப் பாருங்கள். கைபேசியில் படமெடுத்து நாணய அளவுக்குச் சுருக்கினால், மெனக்கெட்டுப் போட்ட மயிரிழைகளில் பாதி காணாமல் போயிருக்கும். அவற்றை இப்போதே அழித்துவிடலாம்.

அடுத்து எதிரச்சு, அதாவது இந்த உருவத்தின் மேல் பிளாஸ்டர் ஊற்றி எடுக்கும் குழிவான அச்சு. 20 மி.மீ. தடிமனுக்கு 400 மில்லி தண்ணீரும் 570 கிராம் பிளாஸ்டரும் போதும். பிளாஸ்டரைத்தான் தண்ணீரில் தூவ வேண்டும். மாற்றிச் செய்தால் கட்டி தட்டும். ஓரிரு நிமிடம் ஊறவிட்டு, நுரைக்காமல் கலக்குங்கள். முதல் பூச்சைத் தூரிகையால் தடவி, பிறகு ஊற்றினால் முகத்தில் காற்றுக்குமிழி நிற்காது.

எழுத்துகளை இந்த எதிரச்சில் வெட்டுவதே நல்லது. டிரேசிங் தாளைக் கவிழ்த்து, கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலமாக வரைந்து உள்நோக்கி வெட்டினால், இதிலிருந்து வார்க்கும் புடைப்பான நேரச்சில் கூர்மையாக எழும்பி நிற்கும். நேரச்சு எடுக்குமுன் நீர்த்த சோப்பை மூன்று நான்கு முறை பூசித் துடையுங்கள். இதைத் தவறவிட்டால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும், உளிதான் பிரிக்கும்.

தலையையும் பூவையும் சேர்த்துத் திட்டமிடுங்கள். ஒரு பக்கத்தின் உச்சத்துக்கு நேர் பின்னால் மறுபக்க உச்சமும் வந்தால், அந்த இடத்தை நிரப்ப உலோகம் போதாமல் இரண்டும் மொண்ணையாக விழும். விளிம்பு உருவத்தைவிடச் சற்று உயரமாக இருக்கட்டும். இல்லாவிட்டால் நாணயங்களை அடுக்க முடியாது, முகமும் சீக்கிரம் தேயும்.

பெரிய கைகளும் இதில் சறுக்கியிருக்கின்றன. அமெரிக்கச் சிற்பி அகஸ்டஸ் செயின்ட்-காடன்ஸ் வடிவமைத்து 1907-இல் வெளிவந்த 20 டாலர் தங்க நாணயம் பேரழகுதான். ஆனால் அதன் முதல் வடிவம் முழுமையாகப் பதிய ஒன்பது முறை வரை அச்சால் அடிக்க வேண்டியிருந்தது. புழக்கத்துக்கு விட நாணயச்சாலையின் தலைமைச் செதுக்குநர் சார்லஸ் பார்பர் புடைப்பைத் தாழ்த்த வேண்டியிருந்தது. 1921-இன் பீஸ் டாலர் எனும் அமெரிக்க வெள்ளி நாணயத்துக்கும் அதே கதி. மறு ஆண்டே தாழ்த்தினார்கள்.

உயரம் ஆசையென்றால் வார்ப்புப் பதக்கத்துக்குப் போங்கள். இத்தாலியக் கலைஞர் பிசனெல்லோ 15-ஆம் நூற்றாண்டில் செய்த பதக்கங்களெல்லாம் வார்ப்புதான், அதற்கு அழுத்தப்பொறி தேவையில்லை. வெண்கலம் குளிரும்போது ஏறக்குறைய 2 சதவீதம் சுருங்கும், 100 மி.மீ. பதக்கத்துக்கு மெழுகு மாதிரியை 102 மி.மீ. ஆகச் செய்யுங்கள்.