அயோவாவுக்கு முந்தைய கருத்துக்கணிப்புகள்: நாம் தவறாகப் படிக்கும் இடங்கள்

2007ஆம் ஆண்டின் பெரும்பகுதியில், அமெரிக்கக் குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளர் போட்டியில் தேசியக் கருத்துக்கணிப்புகளின் முதலிடம் ரூடி ஜூலியானிக்கே. நியூயார்க்கின் முன்னாள் மேயர். 2001 செப்டம்பர் தாக்குதலின்போது நாடே தொலைக்காட்சியில் பார்த்த முகம். 2008 ஜனவரி 29 அன்று புளோரிடா மாநிலத்தின் உட்கட்சித் தேர்தலில் அவருக்குக் கிடைத்தது மூன்றாம் இடம். மறுநாளே விலகினார். 2007 கோடையில் கையில் பணமில்லாமல் ஊழியர்களைக் குறைத்து, கதை முடிந்தது என்று பலரும் எழுதிய ஜான் மெக்கெய்ன்தான் கடைசியில் வேட்பாளரானார்.

இதைக் கேட்டதும் "கருத்துக்கணிப்பே பித்தலாட்டம்" என்று சொல்லிவிடுகிறோம். அது நியாயமில்லை. அந்த எண்களில் பெரும்பாலானவை ஒழுங்காக எடுக்கப்பட்டவை. அவை எதை அளந்தன என்பதில்தான் நாம் தடுமாறினோம்.

உட்கட்சித் தேர்தலுக்கு ஒரு வருடம் முன்பு ஒருவரைக் கூப்பிட்டு, பத்துப் பெயர்களை வாசித்து, "இன்றே தேர்தல் நடந்தால் யாருக்கு வாக்களிப்பீர்கள்?" என்று கேட்கிறார்கள். அவர் அதுவரை அதைப் பற்றி யோசித்தே இருக்கமாட்டார். கேட்ட பெயரில் தெரிந்த பெயரைச் சொல்வார். பொதுத்தேர்தல் என்றால் கட்சியைப் பார்த்தாவது முடிவெடுக்கலாம். இங்கே எல்லோரும் ஒரே கட்சி. ஆகவே ஆரம்பகட்டக் கணிப்பில் பெயர்ப் பரிச்சயமே பெரும்பங்கு வகிக்கிறது. 2003 தொடக்கத்தில் ஜனநாயகக் கட்சியில் ஜோ லீபர்மேன் பல கணிப்புகளில் முன்னணியில் இருந்தார். 2000 தேர்தலில் துணை அதிபர் வேட்பாளராக நின்றவர் அல்லவா! ஒரு மாநிலத்தில்கூட வெல்லாமல் 2004 பிப்ரவரியில் ஒதுங்கினார். மாறாக, 1976 போட்டியின் தொடக்கக் கணிப்புகளில் ஜிம்மி கார்ட்டர் ஒரு சதவீதத்தைச் சுற்றித்தான் இருந்தார். அதிபரானார்.

எனவே ஆதரவு எண்ணை மட்டும் படிப்பதை முதலில் நிறுத்த வேண்டும். நல்ல நிறுவனங்கள் "இவரைப் பற்றி உங்கள் கருத்து என்ன?" என்றும் கேட்கும். அதில் "தெரியாது" என்றவர்கள் எத்தனை பேர் என்று பாருங்கள். எல்லோருக்கும் தெரிந்தும் 20 சதவீதம் மட்டுமே பெறுபவரைவிட, பாதிப் பேருக்குத்தான் தெரியும் என்ற நிலையில் 10 சதவீதம் பெறுபவருக்கு வளர இடம் அதிகம்.

அடுத்த தவறு இன்னும் பெரியது. ஊடகங்களே தினமும் செய்வது. தேசியக் கணிப்பைத் தேர்தல் முடிவின் முன்னோட்டமாக எடுத்துக்கொள்கிறோம். ஆனால் தேசிய அளவில் ஒரே நாளில் நடக்கும் பிரைமரி (உட்கட்சித் தேர்தல்) என்று ஒன்று கிடையாது. மாநிலம் மாநிலமாக, பல மாதங்கள் நடக்கிறது. முந்தைய மாநிலத்தின் முடிவு அடுத்த மாநிலத்தின் மனநிலையை மாற்றிவிடும். 2007 இலையுதிர்காலத்தில் ஹிலாரி கிளிண்டன் தேசிய அளவில் வெகுதூரம் முன்னால் இருந்தார். 2008 ஜனவரி 3 அன்று, முதலில் வாக்களித்த மாநிலமான அயோவாவில் ஒபாமா முதலிடம், எட்வர்ட்ஸ் இரண்டாமிடம், ஹிலாரி மூன்றாமிடம். அந்த இரவோடு தேசியக் கணிப்பின் பழைய எண்களுக்கு மதிப்பில்லாமல் போனது.

மாநிலக் கணிப்பும் தவறலாம். ஐந்தே நாளில் நியூ ஹாம்ப்ஷயர் வந்தது. ஒபாமா வெல்வார் என்றே கடைசிக் கணிப்புகள் சொல்லின, ஹிலாரி வென்றார். மக்கள் கடைசி நிமிடம்வரை மனதை மாற்றிக்கொண்டே இருக்கும் போட்டி இது.

யாரைக் கேட்டார்கள் என்பதையும் விட்டுவிடுகிறோம். அயோவாவின் காக்கஸ் என்பது குளிர்கால இரவில், குறித்த நேரத்தில், பள்ளிக்கூடத்திலோ தேவாலயத்திலோ கூடி முடிவெடுப்பது. 2016இல் குடியரசுக் கட்சிக் காக்கஸுக்கு வந்தவர்கள் இரண்டு லட்சத்துக்கும் குறைவு. வயதுவந்த எல்லோரையும் கேட்ட கணிப்பு அந்த அறைக்கு வரப்போகிறவர்களின் மனதைச் சொல்லாது. 2008இல் டெ மாய்ன் ரெஜிஸ்டர் நாளிதழுக்காகக் கணிப்பு நடத்திய ஆன் செல்சர், முதன்முறை வருபவர்கள் பெருமளவில் திரள்வார்கள் என்று தன் தரவு காட்டியதை மறைக்காமல் வெளியிட்டார். போட்டி முகாம்கள் குறை சொன்னன. அவர் சொன்னதுதான் நடந்தது.

பிழை வரம்பு, அதாவது சிலரை மட்டும் கேட்பதால் கணிப்பு எண் எத்தனை புள்ளி கூடவோ குறையவோ இருக்கலாம் என்பது, எல்லோருக்கும் தெரியும் என்று நினைக்கிறோம்; பலர் அதைப் பாதியாகத்தான் புரிந்துவைத்திருக்கிறார்கள். "1,000 பேரிடம் கேட்டோம், பிழை வரம்பு 3" என்று செய்தி வரும். அந்த 1,000 பேரில் ஒரு கட்சியின் பிரைமரியில் வாக்களிப்பவர்கள் 400 பேர்தான் இருக்கலாம். அப்போது பிழை வரம்பு 5க்கு அருகில் போய்விடும். அந்த 400 பேரில் ஒருவருக்கு 24 சதவீதம், இன்னொருவருக்கு 19 என்றால், அவர்களுக்கிடையிலான இடைவெளிக்கான பிழை வரம்பு 6க்கும் மேல். "ஐந்து புள்ளி முன்னிலை" என்ற தலைப்புக்கு அங்கே வலுவான ஆதாரம் இல்லை.

இதனால் உண்மையிலேயே பாதிப்பு வந்திருக்கிறது என்பதுதான் என் ஆதங்கம். 2015 ஆகஸ்டில் ஃபாக்ஸ் நியூஸ் நடத்திய குடியரசுக் கட்சி வேட்பாளர்களின் முதல் விவாதத்தின் பிரதான மேடையில் தேசியக் கணிப்புகளின் சராசரியில் முதல் பத்துப் பேருக்கு மட்டுமே இடம். ஜான் கேசிக் பத்தாவதாக உள்ளே வந்தார். ரிக் பெர்ரி பதினொன்றாவதாக வெளியே நின்றார். இருவருமே மிகக் குறைந்த ஒற்றை இலக்கத்தில் இருந்தவர்கள். பெர்ரி அடுத்த மாதமே விலகினார். கேசிக் நியூ ஹாம்ப்ஷயரில் இரண்டாமிடம் பிடித்தார். அந்தச் சின்ன இடைவெளியை வைத்து ஆளைப் பிரிக்கும் அளவுக்குக் கணிப்பு துல்லியமான கருவி அல்ல.

திடீர் ஏற்றத்தை நம்புவதும் ஆபத்து. தாய்வழியில் மன்னார்குடிப் பக்கத்துத் துளசேந்திரபுரத்தோடு தொடர்புடைய கமலா ஹாரிஸை நம்மில் பலர் ஆவலோடு கவனித்தோம். 2019 ஜூன் 27 விவாதத்தில் அவர் பைடனை எதிர்கொண்ட விதம் பேசப்பட்டது. சில நாளில் வந்த குவின்னிபியாக் பல்கலைக்கழகக் கணிப்பில் பைடன் 22, ஹாரிஸ் 20. டிசம்பர் 3 அன்று, ஒரு வாக்குகூடப் பதிவாகும் முன்பே அவர் விலகினார். 2011 இலையுதிர்காலத்தில் குடியரசுக் கட்சியிலும் இதே கதை: பெர்ரி, ஹெர்மன் கெயின், நியூட் கிங்ரிச் என்று ஒருவர் பின் ஒருவராக மேலேறி இறங்கினார்கள். மிட் ராம்னி அதிகம் அசையாமல் இருந்து கட்சியின் வேட்பாளரானார்.

இவ்வளவும் படித்துவிட்டு, ஆரம்பக் கணிப்புகளைத் தூக்கி எறிந்துவிடலாம் என்று முடிவுகட்டினால் அதுவும் தவறே. 2015 ஜூலை முதல் டிரம்ப் தேசியக் கணிப்புகளில் முன்னால் இருந்தார். ஜூலியானியைப் போல இவரும் சரிவார் என்று அனுபவசாலிகள் பலர் நம்பினார்கள். ஆனால் "முடிவு செய்துவிட்டேன், மாறமாட்டேன்" என்றவர்கள் மற்றவர்களைவிட டிரம்ப் ஆதரவாளர்களிடையே அதிகம். அதே கணிப்புக்குள் இருந்த அந்த எண்ணைப் பலர் பார்க்கவில்லை.

2024 தேர்தல் முடிந்த சூட்டோடு 2028க்கான கணிப்புகள் வரத் தொடங்கிவிட்டன. அவற்றில் நான் முதலில் தேடுவது முதலிடத்தை அல்ல, இரண்டாவது விருப்பத்தை: தன் வேட்பாளர் விலகினால் ஒருவர் அடுத்து யார் பக்கம் போவார் என்பதை. 2020இல் அயோவாவில் நான்காவதாகவும் நியூ ஹாம்ப்ஷயரில் ஐந்தாவதாகவும் வந்த பைடனைப் பலர் கைகழுவினார்கள். பிப்ரவரி 29 அன்று தென் கரோலினாவில் கறுப்பின வாக்காளர்கள் அவரைத் தூக்கி நிறுத்தினார்கள். அந்த ஆதரவு 2019 முழுக்கக் கணிப்புகளில் தெரிந்ததுதான். அடுத்த இரண்டு நாளில் போட்டியாளர்களான புட்டிஜெஜும் குளோபுசரும் விலகி அவரை ஆதரித்தார்கள். மார்ச் 3 அன்று வாக்களித்த 14 மாநிலங்களில் பத்து பைடனுக்குப் போயின.