கண்ணாடிக்குள் தூசி சிக்காமல் கைக்கடிகாரம் பூட்ட

டயலும் முட்களும் பொருத்திய மெஷினைக் கூட்டுக்குள் இறக்கும் முன், ஈரத்துணியால் அறைத் தரையைத் துடைத்து, மின்விசிறியை நிறுத்திவிட்டுக் கால் மணி நேரம் பொறுங்கள்.

பறக்கும் தூசி கீழே இறங்கி ஈரத்தில் ஒட்டிக்கொள்ளும். வள்ளியூர், பணகுடிப் பக்கம் ஆடிக் காற்றில் சன்னலைச் சாத்துவதும் கட்டாயம். கறுப்பு டயலில் ஒரு பஞ்சிழை விழுந்தாலும் கண்ணாடி வழியே துரும்பாகத் தெரியும். அதை எடுக்கப் பின்மூடியைக் கழற்றி, சாவித் தண்டை (பக்கவாட்டில் திருகும் குமிழின் தண்டு) உருவி, மெஷினை மறுபடி வெளியே எடுக்க வேண்டும். வாயால் ஊதாதீர்கள், எச்சில் தெறிக்கும். ரப்பர் ஊதுபந்து மலிவுதான்.

குற்றாலம், தென்காசிப் பக்கம் சாரல் பிடித்திருக்கும் நாட்களில் ஈரத்துணி வேண்டாம். ஈரக் காற்றை உள்ளே வைத்து மூடிய கடிகாரம், ஏ.சி. அறைக்குள் போனதும் கண்ணாடியின் உட்புறம் பனித்துவிடும்.