விடத்தல் முள்ளும் என் பின் சில்லும்: ரயரில் காற்றுப் போகாமல் தடுப்பது எப்படி?

வேலி அடைக்கும் காலம் வந்தாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். காலபோக விதைப்புக்கு முன் விடத்தல், உடை, சூரை என்று முட்கிளை அலம்பல் வெட்டி, லாண்ட்மாஸ்டர் (இருசில்லு உழவு இயந்திரம்) பெட்டியில் ஏற்றி, கிரவல் வீதி நெடுகச் சிந்திக்கொண்டு போவார்கள். பின்னால் வருவது என் பஜாஜ் சிடி 100 மோட்டார் சைக்கிள்.

அப்படியொரு மாதத்தில் பின் சில்லு மூன்று முறை காற்றுப் போனது. மூன்றாவது முறை வன்னியில் ஒட்டுசுட்டானுக்கும் நெடுங்கேணிக்கும் இடையில், பொழுது மங்கும் நேரம். தள்ளிக்கொண்டு போகிறேன், வீதி நடுவே யானை லத்தி கிடக்கிறது. காய்ந்ததில்லை, ஆவி பறக்கிறது. அன்றிரவு வீடு சேர்ந்ததும் இதற்கு ஒரு முடிவு கட்டுவது என்று தீர்மானித்தேன். நான் செய்ததை அப்படியே எழுதுகிறேன். ரயர் கழற்றத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

முதல் வேலை: துளை எந்தப் பக்கம்?

ரியூப்பை வெளியே எடுத்துக் காற்றடித்துத் தண்ணீரில் அமிழ்த்துங்கள். குமிழி ரயர் பக்கமிருந்து வந்தால் முள் அல்லது ஆணி. அருகருகே இரண்டு துளை என்றால் காற்றுக் குறைவாக ஓடிக் குழியில் விழுந்திருக்கிறீர்கள். ரிம்முக்கும் ரயருக்கும் நடுவில் ரியூப் நசுங்கியிருக்கிறது. ரிம் பக்கம் துளை என்றால் சில்லுக் கம்பியின் முனை குத்தியிருக்கிறது. கீழே சொல்லப்போகும் மருந்து (ரியூப்புக்குள் விடும், ஓட்டை அடைக்கும் திரவம்) முதல் வகைக்கு மட்டும்தான்.

இரண்டாவது வேலை: முள்ளைத் தேடுவது

நான் ஏமாந்தது இங்கேதான். முதல் முறை ஒட்டுப் போட்டேன். இரண்டாம் முறை ரியூப்பையே மாற்றினேன், மூன்று நாளில் அதே இடத்தில் ஓட்டை. கடைக்காரரைத் திட்டினேன், ரியூப் மட்டம் என்றேன். பாவம், அவரில் பிழையே இல்லை.

விடத்தல் முள் குத்தியதும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி வீதியில் உரசி ஒடிந்துவிடும். நுனி ரப்பருக்குள்ளேயே தங்கிவிடும். வெளியே பார்த்தால் ஒரு கறுப்புப் புள்ளி, அவ்வளவுதான். உள்ளே விரலால் தடவினாலும் தெரியாது. சில்லில் பாரம் ஏறி ரயர் அமுங்கும்போது மட்டும் தலை நீட்டிப் புது ரியூப்பைக் குத்தும்.

ஒரு பிடி பஞ்சை எடுத்து ரயரின் உட்புறம் முழுக்க மெதுவாக இழுத்துக்கொண்டு போங்கள். முள் இருக்குமிடத்தில் பஞ்சு இழைவிட்டுச் சிக்கும். முதலில் ஒரு பக்கமாக, பிறகு எதிர்ப்பக்கமாக. சாய்வாகக் குத்திய முள் ஒரு திசையில்தான் அகப்படும். சந்தேகமான இடத்தில் இரண்டு கையாலும் ரயரை வெளிப்புறமாக மடித்து விரித்தால் நுனி எட்டிப் பார்க்கும். எனக்கு அகப்பட்டது அரை நெல்லளவுகூட இல்லை. நகவெட்டியால் பிடித்து இழுத்தேன். ரியூப்பின் ஓட்டையை ரயரின் மேல் பொருத்திப் பார்த்தால் தேடவேண்டிய இடம் சுருங்கும். அதற்காகக் கழற்றும்போதே வால்வு இருந்த இடத்தை ரயரில் சோக்கால் குறித்துவையுங்கள்.

மூன்றாவது வேலை: மருந்து விடுவது

நார்த்துகளும் ரப்பர்த் துகளும் கலந்த கெட்டியான திரவம் இது. சில்லு சுழலும்போது ரயர்ப் பக்கமாக ஒதுங்கி உட்சுவரில் படியும். முள் குத்தினால் வெளியேறும் காற்றே திரவத்தைத் துளைக்குள் தள்ளும்; நார் சிக்கி அடைத்துக்கொள்ளும்.

தடித்த ரியூப்பாகப் பார்த்து வாங்குங்கள், பாரம் கூடினாலும் பரவாயில்லை. ரியூப்பை மாட்டி முடித்ததும் சில்லைச் சுற்றி வால்வு மேலே வரும்படி நிறுத்துங்கள். கீழே இருந்தால் விட்ட திரவம் வால்வுக்கே திரும்பி வந்து அடைத்துவிடும். வால்வின் உள்ளே இருக்கும் சிறு ஊசியைக் கழற்ற ஒரு சிறு சாவி போத்தலுடன் வரும். காற்று முழுக்கப் போனபிறகே கழற்றுங்கள். இல்லையென்றால் ஊசி பறந்துவிடும், பிறகு மணலில் தேடவேண்டியதுதான்.

போத்தலில் உள்ள அட்டவணையைப் பார்த்து உங்கள் ரயர் அளவுக்குச் சொன்னபடி விடுங்கள். என் பின் ரயர் 3.00-17, 250 மில்லிலீற்றர் விட்டேன். கூடினால் நல்லது என்று நினைத்து இரட்டிப்பாக விடாதீர்கள், வேகத்தில் சில்லு உதறும். ஊசியைத் துடைத்து மாட்டி, காற்றடித்து, உடனே இரண்டு மூன்று கிலோமீற்றர் ஓடுங்கள். ஓடாமல் நிறுத்திவைத்தால் திரவம் அடியில் குட்டையாகத் தேங்கி நிற்கும்.

காற்று

முன்னுக்கு 25, பின்னுக்கு 28, பின்னால் ஆள் இருந்தால் 32 பிஎஸ்ஐ. இது என் வண்டிக்கு. உங்கள் வண்டிக்குக் கையேட்டில் இருக்கும். இரண்டு நெல் மூட்டை கட்டிக்கொண்டு 20-இல் ஓடுபவருக்கு எந்த மருந்தும் உதவாது. கட்டைவிரலால் அமுக்கிப் பார்ப்பதை விட்டுவிட்டு ஒரு காற்றுமானி வாங்குங்கள்.

நான் வேண்டாம் என்பவை

பழைய ரியூப்பை வெட்டி ரயருக்கும் புது ரியூப்புக்கும் நடுவில் பட்டியாக வைக்கும் வழக்கம் சைக்கிள் காலத்திலிருந்தே நம்மிடம் உண்டு. சைக்கிளுக்குச் சரி. மோட்டார் சைக்கிளில் பட்டியின் ஓரம் மடிந்து ரியூப்பைத் தேய்க்கும், சூடும் ஏறும். நானும் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கழற்றினேன். ரியூப்புக்குப் பதிலாக நுரை வளையம் போடுவது காட்டுப் பந்தயக்காரர்களுக்கு. தார் வீதி வேகத்தில் அது சூடேறிக் கெட்டுவிடும்.

பிற்சேர்க்கை 1: ரியூப்லெஸ் ரயர் போடலாமா என்று பலர் கேட்டிருக்கிறார்கள். வார்ப்புச் சில்லு என்றால், ரிம்மும் அதற்கென்று செய்யப்பட்டிருந்தால், தாராளமாகப் போடுங்கள். ரியூப் குத்துப்பட்டால் காற்று கம்பித் துளைகள் வழியாக நிமிடத்தில் போய்விடும். ரியூப்லெஸ்ஸில் முள்ளைத் தடித்த ரப்பர் இறுக்கிப் பிடித்திருப்பதால் மெதுவாகத்தான் இறங்கும். ஆனால் என்னுடையதுபோன்ற கம்பிச் சில்லில் அந்தத் துளைகளே ஓட்டைகள். காற்று நிற்காது.

பிற்சேர்க்கை 2: மருந்து விட்ட ரியூப்பில் ஒட்டு நிற்பதில்லை என்று ஒருவர் எழுதியிருக்கிறார். உண்மைதான், கடைக்காரர்கள் முகம் சுளிப்பதும் இதனால்தான். தண்ணீரில் கழுவி, நன்றாகக் காயவைத்து, அரத்தாள் போட்டபிறகே சொலூசன் பூசவேண்டும். நாம் கழுவிக் கொண்டுபோய்க் கொடுத்தால் மறுக்கமாட்டார்கள்.

பிற்சேர்க்கை 3: மருந்து விட்டும் இரண்டு முறை காற்றுப் போனது என்றவர் ரியூப்பைப் படம் எடுத்து அனுப்பினார். துளை ரிம் பக்கம். திரவம் வெளிப்புறமாகத்தானே ஒதுங்கும், அங்கே அது எட்டாது. ரிம்மின் உள்ளே ஓடும் ரப்பர் நாடா இற்றுப்போய்க் கம்பி முனைகள் வெளியே தெரிந்தன. முனைகளை அராவி, நாடாவைப் புதிதாக மாற்றச் சொன்னேன்.

என் பின் சில்லில் போன கிழமை ஒரு முள்ளைக் கண்டேன். பிடுங்கினேன். பச்சைத் திரவம் ஒரு துளி எட்டிப் பார்த்தது. துளை கீழே வரும்படி சில்லைச் சுற்றி நிறுத்திவிட்டுத் தேநீர் குடிக்கப் போனேன். வந்து மானி வைத்துப் பார்த்தேன்: 26. இரண்டு பிஎஸ்ஐ அடித்துக்கொண்டு வயலுக்குப் புறப்பட்டேன்.