செட்டிநாட்டு வீட்டை விருந்தினர் விடுதியாக்குகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

காரைக்குடி, கானாடுகாத்தான், தேவகோட்டைப் பக்கம் பூட்டிக் கிடந்த பெரிய வீடுகள் சில தங்கும் விடுதிகளாகியிருக்கின்றன. சந்தோஷமான விஷயம். ஆளில்லாத வீட்டைக் கரையானும் சுவரிடுக்கில் முளைக்கும் அரசங்கன்றும் சேர்ந்து சாய்த்துவிடும். நாலு பேர் வந்து தங்கினால்தான் உடைந்த ஓட்டை மாற்றவும் ஒட்டடை அடிக்கவும் அங்கே கை இருக்கும். செட்டிநாட்டு ஊர்கள் 2014 முதல் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இருப்பதால் வெளியூர்க்காரர்களின் ஆர்வமும் கூடியிருக்கிறது.

ஆனால் ‘சுற்றுச்சூழலுக்கு உகந்த விடுதி’ என்று சொல்லிச் செய்யும் வேலைகளில் பாதி, அந்த வீடு ஏற்கெனவே செய்துகொண்டிருந்ததைக் கெடுக்கும் வேலைகளாக இருக்கின்றன. புதிதாக எதையாவது வாங்கி மாட்டுவதற்கு முன்னால், வீடு எப்படிக் குளிர்கிறது, மழைத்தண்ணீர் எந்த வழியாகப் போகிறது, சுவர் எதனால் ஆனது என்று பார்த்துவிடுங்கள்.

முதல் கேடு சிமெண்ட். பழைய சுவர் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும். அது தரையிலிருந்து கொஞ்சம் ஈரத்தை இழுக்கும், வெயில் ஏறினால் காற்றில் விட்டுவிடும். எங்கோ ஓரிடத்தில் பூச்சு உதிர்ந்திருக்கும். கொத்தனார் சிமெண்ட் கலவையை அப்பி, மேலே புட்டி தேய்த்து, பெயிண்ட் அடித்துத் தருவார். பார்க்கப் பளிச்சென்று இருக்கும். ஒரு மழைக்காலம் போகட்டும், அந்த ஒட்டைச் சுற்றிப் பாருங்கள். சிமெண்ட் அடைத்துவிட்டதால் ஈரம் பக்கவாட்டில் நகர்ந்து, நன்றாக இருந்த சுண்ணாம்புப் பூச்சில் உப்பாகப் பூத்திருக்கும். விரலால் தொட்டால் மாவு மாதிரி கொட்டும். முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசி நூறு வருஷம் நின்ற சுண்ணாம்புப் பூச்சு அப்படித்தான் போகிறது, அதைத் திரும்பக் கொண்டுவருவது லேசில்லை. சுண்ணாம்புச் சுவரைச் சுண்ணாம்பால்தான் பழுது பார்க்க வேண்டும். மேலே அடிப்பதும் வெள்ளையடிப்பாகவே இருக்கட்டும், பிளாஸ்டிக் எமல்ஷன் வேண்டாம்.

சுண்ணாம்பு என்று முடிவெடுத்தவர்கள் தவறுவது காலத்தில். டிசம்பர் விடுமுறைக்குத் திறக்க வேண்டும் என்று நாள் குறித்துவிட்டு அக்டோபரில் பூச்சு வேலையைத் தொடங்குவார்கள். அதுதான் வடகிழக்குப் பருவமழை தொடங்கும் மாதம். சுண்ணாம்பை நீற்றிப் புளிக்க வைக்க வேண்டும், கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் சேர்க்க வேண்டும், ஒரு பூச்சு இறுகிய பிறகுதான் அடுத்தது. அது காற்றிலிருக்கும் கரியமில வாயுவை இழுத்து மெதுவாக இறுகுகிற பொருள், அவசரப்படுத்த முடியாது. பொங்கல் முடிந்து தொடங்கினால் நிதானமாகச் செய்யலாம். வெயில் முற்றிவிட்டால் ஈரச் சாக்கு தொங்கவிட்டு, தண்ணீர் தெளித்துக் காக்க வேண்டும், இல்லாவிட்டால் வெடிப்பு விடும்.

அப்புறம், அறைக்குள்ளேயே குளியலறை. இன்றைக்கு விருந்தினர் அதைக் கேட்பார்கள், மறுக்க முடியாது. ஆனால் பழைய அறையின் ஒரு மூலையைத் தடுத்து, சுண்ணாம்புச் சுவரை உடைத்துக் குழாய் ஓட்டுவதுதான் அந்த வீட்டுக்குச் செய்யக்கூடிய பெரிய தீங்கு. தினமும் தண்ணீர் புழங்கும் இடத்தைப் பின்கட்டுப் பக்கம் தனிச் சுவர் எழுப்பிக் கட்டி, பழைய சுவரில் ஒரு வாசல் மட்டும் விடுங்கள். மாடியில் தண்ணீர்த் தொட்டி வைப்பதும் இப்படித்தான். ஆயிரம் லிட்டர் என்றால் ஒரு டன் எடை. தேக்கு உத்திரத்தின் மேல் செங்கல் அடுக்கிய தளம் அதற்காகக் கட்டியதல்ல. தொட்டிக்குத் தனித் தாங்கல் போடுங்கள்.

கழிவுநீரைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுகிறார்கள். நாலு பேருக்குக் கட்டிய செப்டிக் டேங்க், எட்டு அறை நிரம்பி 16 பேர் வந்தால் பொங்கும். குளியல், சலவைத் தண்ணீரைத் தனிக் குழாயில் பிரித்து மணல், ஜல்லி வழியாக வடியவிட்டால் கல்வாழைக்கும் வாழைக்கும் போதும். அதைக் கழிப்பறைக் கழிவோடு கலந்துவிட்ட பிறகு பிரிக்க வேண்டுமானால் தரையை உடைக்க வேண்டும். உறிஞ்சு குழி கிணற்றிலிருந்து 60 அடியாவது தள்ளி இருக்கட்டும். ஃபினாயிலும் ஆசிட்டும் தாராளமாக ஊற்றினால் தொட்டியில் கழிவை மக்கவைக்கும் நுண்ணுயிர் செத்துவிடும். வேலைக்கு வருகிறவர்களிடம் இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

தரைக்கும் ஆசிட் ஆகாது. ஆத்தங்குடிக் கல் சூளையில் சுட்டதல்ல, கண்ணாடி மேல் வண்ணக் கலவை ஊற்றித் தண்ணீரில் ஊறவைத்து இறுகச் செய்த சிமெண்ட் கல். ஆசிட் பட்டால் பூவும் கோடும் அரித்துப்போகும். ஈரத்துணியும் எப்போதாவது கொஞ்சம் தேங்காய் எண்ணெயும் போதும்.

மழைக்குப் பயந்து முற்றத்துக்கு மேல் பிளாஸ்டிக் ஷீட் போட்டு மூடுகிறார்களே, அதைப் பார்த்தால் மனசு பதறுகிறது. முற்றத்தைச் சுற்றியுள்ள வளவின் சூடான காற்று மேலே போக அந்த ஒரு வழிதான் இருக்கிறது. மூடியதும் உள்ளே புழுங்கும். புழுங்கினால் எல்லா அறைக்கும் ஏசி. ஏசிக்கு ஈடுகட்ட சோலார். 1 கிலோவாட் சோலார் ஒரு நாளில் சுமார் 4 யூனிட் தரும். 1.5 டன் ஏசி ஒன்று இரவு முழுக்க ஓடினாலே 8 யூனிட்டைத் தொடும். கணக்கு எங்கே கட்டும்? புறா, குரங்குக்கு வலை போட்டால் போதும். 75 வாட் மின்விசிறிகளை எடுத்துவிட்டு சுமார் 30 வாட்டில் ஓடும் பிஎல்டிசி விசிறி மாட்டுங்கள். அதற்குப் பிறகு எத்தனை அறைக்கு ஏசி தேவைப்படுகிறது என்று பாருங்கள்.

சோலாரில் இன்னும் இரண்டு ஏமாற்றம் உண்டு. பேட்டரி இல்லாமல் மின்வாரிய லைனோடு இணைந்த ஆன்-கிரிட் அமைப்பு, கரண்ட் போனால் தானும் நின்றுவிடும், கம்பத்தில் வேலை செய்கிறவருக்கு ஷாக் அடிக்கக்கூடாது என்பதற்காக. ஜெனரேட்டருக்குப் பதில் இது என்று நம்பி வாங்கினால் முதல் மின்தடையிலேயே விருந்தினர் இருட்டில் உட்கார்ந்திருப்பார்கள். இன்னொன்று, மத்திய அரசின் 78,000 ரூபாய் வரையிலான மானியம் வீட்டு இணைப்புக்கானது. உங்கள் இணைப்பு எந்தப் பிரிவில் வரும் என்பதை மின்வாரியத்தில் கேட்டுவிட்டுப் பட்ஜெட் போடுங்கள்.

மழைநீர் சேகரிப்பு தமிழ்நாட்டில் 2003 முதல் கட்டாயம், அதனால் பேருக்கு ஒரு குழி வெட்டுவார்கள். இந்த வீடுகளின் கூரையோ பெரியது. ஆண்டுக்கு 900 மில்லிமீட்டர் மழை என்று வைத்தால், ஆயிரம் சதுர அடிக் கூரைக்கு 80,000 லிட்டர் விழும். முற்றத்து மூலைகளிலிருந்து வெளியே போகும் பழைய வாய்க்கால் மண் மூடிக் கிடக்கும். அதைத் தோண்டித் திறந்து கிணற்றுக்கோ ஊரணிக்கோ விட்டாலே பெரிய வேலை முடிந்தது.

பழைய தூண், கதவு வாங்கி வைப்பதை மறுபயன்பாடு என்கிறார்கள். அந்தத் தூண் எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் இடித்த இன்னொரு வீட்டிலிருந்து. வாங்க ஆள் இருக்கும் வரை பிரித்து விற்கவும் ஆள் இருக்கும். உங்கள் வீட்டு மரத்தைப் பழுது பார்க்கத் தச்சரைக் கூப்பிடுங்கள், பணம் அவருக்குப் போகட்டும்.

திறப்பதற்கு முன், நல்ல கோடையில் சொந்தக்காரர்களைக் கூப்பிட்டு எல்லா அறையையும் இரண்டு ராத்திரி நிரப்பிப் பாருங்கள். காலை ஏழு மணிக்கு எல்லோரும் ஒன்றாகக் குளிக்கட்டும். தொட்டி, குழாய், உறிஞ்சு குழி எல்லாம் தாங்குகிறதா என்பது அன்றைக்குத் தெரிந்துவிடும்.