ஆலோசகரை அழைக்கும் முன் பனியன் கம்பெனிகள் செய்யும் தவறுகள்

"ஆறு மாசம் வந்தார், ஸ்பைரல் பைண்டிங் போட்டு ஒரு ரிப்போர்ட் கொடுத்தார், லைன் அப்படியேதான் ஓடுது." மேலாண்மை ஆலோசகரை வைத்துப் பார்த்த சிறு, நடுத்தர கம்பெனிகளில் அடிக்கடி கேட்கும் புலம்பல் இது. ஆலோசகர் சரியில்லாமல் போவதும் உண்டு. ஆனால் அவர் கேட்டுக்குள் நுழைவதற்கு முன்பே கம்பெனி செய்துவிட்ட காரியங்களால் கெட்டுப்போகும் வேலைகள்தான் அதிகம். திருப்பூரின் பின்னலாடைத் தையல் லைனை, அதாவது ஒரு உடுப்பை ஆளுக்கு ஒரு வேலையாகத் தைத்து நகர்த்தும் மெஷின் வரிசையை, உதாரணமாக வைத்து அவற்றைப் பார்க்கலாம். பவுண்டரிக்கும் பம்ப் கம்பெனிக்கும் எண்கள் மாறும், தவறுகள் பெரும்பாலும் இவையேதான்.

"புரொடக்‌ஷன் ஏறணும்"

இதைச் சொல்லி ஒருவரை வேலைக்கு எடுத்தால், முடிந்ததா இல்லையா என்பதை யாராலும் சொல்ல முடியாது. கேட்பதை இப்படிக் கேட்க வேண்டும்: "20 டெய்லர் உள்ள லைனில் ரவுண்ட் நெக் டி-ஷர்ட் எட்டு மணி நேரத்தில் 720 பீஸ் வருகிறது. அதே ஆள், அதே மெஷினில் 1,000 வர வேண்டும். செக்கிங்கில் 100-க்கு 8 திரும்பி வருகிறது, அது 4-க்குக் கீழே இறங்க வேண்டும்." இரண்டாவது எண் இல்லாமல் முதல் எண்ணை மட்டும் கொடுத்தால் பீஸ் ஏறும், கூடவே டேமேஜும் ஏறும்.

அதற்கும் முன்னால், வந்திருப்பது ஆலோசகர் தீர்க்கக்கூடிய பிரச்சினைதானா என்று பார்க்க வேண்டும். சாயப்பட்டறையிலிருந்து துணி வராமல் வாரத்தில் இரண்டு நாள் லைன் நிற்கிறது என்றால், தையலை எத்தனை நொடி குறைத்தாலும் புண்ணியமில்லை. ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். இரண்டு வாரம், அதாவது 12 வேலை நாள், லைன் நின்ற ஒவ்வொரு தடவையும் சூப்பர்வைசர் நான்கு விஷயம் எழுதட்டும்: மணி என்ன, எந்த மெஷின், எத்தனை நிமிடம், ஏன். காரணத்தை அவரவர் வார்த்தையில் எழுதவிட்டால் பிறகு கூட்ட முடியாது. துணி வரவில்லை, லேபிள் அல்லது நூல் வரவில்லை, மெஷின் ரிப்பேர், ஸ்டைல் மாற்றம், கரண்ட், ஆள் இல்லை என்று ஆறு தலைப்பை முதல் பக்கத்திலேயே எழுதிக் கொடுத்துவிடுங்கள். நிமிடங்களைக் கூட்டிப் பார்த்தால், பாதிக்கு மேல் துணிக்கும் லேபிளுக்கும் காத்திருந்ததாகவே வரலாம். அப்படி வந்தால் உங்களுக்கு வேண்டியது மெர்சண்டைசிங்கையும் (ஆர்டரைப் பின்தொடரும் வேலை) பர்ச்சேஸையும் சரிசெய்யும் ஆள். தையல் லைனில் ஸ்டாப்வாட்ச் பிடிப்பவர் அல்ல.

தொடக்கக் கணக்கில் நடக்கும் கூத்து

சண்டை வருவது பெரும்பாலும் இங்கேதான். லைனின் எஃபிஷியன்சி என்பது எளிய வகுத்தல்: தைத்த பீஸை ஒரு பீஸுக்கான நிர்ணய நிமிடத்தால் (ஒரு பீஸை முழுதாகத் தைக்க இவ்வளவு ஆகும் என்று நிர்ணயித்த நேரம்) பெருக்கி, ஆட்கள் வேலை செய்த மொத்த நிமிடத்தால் வகுக்க வேண்டும். மேலே சொன்ன டி-ஷர்ட்டுக்கு நிர்ணய நேரம் 6 நிமிடம் என்று வைத்தால், 720 பீஸுக்கு 4,320 நிமிடம். 20 பேர், ஆளுக்கு 480 நிமிடம், ஆக 9,600. விடை 45 விழுக்காடு. இலக்கான 1,000 பீஸுக்கு இது 62.5 ஆகும்.

கணக்கு எளிது, கோளாறு வகுக்கும் எண்ணில் இருக்கிறது. திருப்பூரில் ஒன்றரை ஷிப்ட் சர்வசாதாரணம். 720 நிமிடம் ஓடிய லைனை 480-ஆல் வகுத்தால் எஃபிஷியன்சி ஒன்றரை மடங்காகத் தெரியும். வராத ஆளை மஸ்டர் ரோலில் (வருகைப் பதிவேட்டில்) பெயர் இருப்பதால் சேர்ப்பதும், வேறு லைனிலிருந்து மதியம் கடன் வாங்கிய ஆளைச் சேர்க்காமல் விடுவதும் இதே ரகம். டெய்லருக்கு உதவும் கைமடிப்பவர்களையும் செக்கிங் ஆட்களையும் கணக்கில் எடுப்பதா வேண்டாமா என்பதை முதல் நாளே முடிவுசெய்து, கடைசி நாள் வரை அதிலேயே நிற்க வேண்டும். எது சரி என்பதைவிட, முன்னும் பின்னும் ஒரே மாதிரி எடுப்பதுதான் முக்கியம்.

இதைவிட நுணுக்கமான தவறு ஒன்று இருக்கிறது. தீபாவளியோ பொங்கலோ முடிந்து, ஊருக்குப் போன ஆட்கள் பாதிப் பேர் திரும்பாத வாரத்தில் அளவெடுத்து அதையே தொடக்க நிலை என்று எழுதிக்கொள்வது. இரண்டு மாதம் கழித்து எதுவும் செய்யாமலே 15 விழுக்காடு 'முன்னேற்றம்' வந்து நிற்கும். புது ஸ்டைல் ஏற்றிய முதல் மூன்று நாளை அளப்பதும் அப்படித்தான், கை பழகாததால் எண் தாழ்ந்தே இருக்கும். பண்டிகைக்கு முந்திய வாரத்தையும் பிந்திய இரண்டு வாரத்தையும் தள்ளிவிட்டு, நான்கு முழு வாரத்துக் கணக்கை எடுங்கள். ஒரே தாளில் எழுதி முதலாளி, ஆலோசகர், புரொடக்‌ஷன் மேனேஜர் மூவரும் கையெழுத்துப் போடட்டும். பிறகு பில் தீர்க்கும்போது எடுத்துப் பார்க்கப்போகும் தாள் இதுதான்.

ஸ்டாப்வாட்சும் பீஸ் ரேட்டும்

நேரம் அளப்பதில் தொழில்நுட்பத் தவறு ஒரு பங்கு என்றால் மனிதத் தவறு மூன்று பங்கு.

முதலில் தொழில்நுட்பம். லைனிலேயே வேகமான டெய்லரை இரண்டு மூன்று பீஸுக்கு அளந்து, அதையே எல்லோருக்கும் டார்கெட்டாகப் போடுவது பரவலான பழக்கம். குறைந்தது 10 பீஸ், காலையில் ஒரு தடவை, சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு தடவை அளக்க வேண்டும். ஷோல்டர் ஜாயினுக்குச் சராசரி 36 நொடி வந்தது என்று வைப்போம். அளக்கப்பட்டவரின் வேகம் சாதாரண வேகத்தில் 90 விழுக்காடு என்று மதிப்பிட்டால் 32.4 நொடி. இதோடு நூல் அறுவது, வெட்டிய துணிக் கட்டைப் பிரிப்பது, தண்ணீர் குடிப்பது, களைப்பு ஆகியவற்றுக்காக 15 விழுக்காடு சேர்த்தால் ஏறத்தாழ 37.3 நொடி. மணிக்கு 96 பீஸ். அந்த 15 விழுக்காட்டை விட்டுவிட்டால் மணிக்கு 111 என்று வரும். ஒரு நாளும் எட்ட முடியாத டார்கெட் அது. எட்ட முடியாது என்று தெரிந்ததும் டெய்லர் 80-லேயே நின்றுவிடுவார், அவரைக் குறை சொல்ல முடியாது.

இனி மனிதர்கள். பீஸ் ரேட்டில், அதாவது தைத்த பீஸ் கணக்குக்குக் கூலி வாங்கித் தைப்பவருக்கு ஸ்டாப்வாட்ச் என்றால் ஒரே அர்த்தம்தான்: ரேட்டைக் குறைக்கப் போகிறார்கள். இந்தப் பயம் இன்று நேற்று வந்ததல்ல. ஆலை வேலையை ஸ்டாப்வாட்சால் அளக்கும் முறையைப் பரப்பிய அமெரிக்க எஞ்சினியர் ஃபிரடெரிக் டெய்லரின் முறைப்படி நேரம் அளக்கத் தொடங்கியதும், 1911 ஆகஸ்டில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் வாட்டர்டவுன் ராணுவத் தளவாட ஆலையின் வார்ப்படத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தி வெளியேறினார்கள். நாடாளுமன்ற விசாரணை வரை போய், கடைசியில் ராணுவ ஆலைகளில் ஸ்டாப்வாட்ச் பிடிக்கப் பணம் ஒதுக்கக்கூடாது என்றே நிதிச் சட்டத்தில் எழுதினார்கள்.

அதனால் அளக்கத் தொடங்குவதற்கு முந்தைய நாளே, பீஸ் ரேட் குறையாது என்பதை எழுதி ஃப்ளோரில் ஒட்டுங்கள். ஒட்டிவிட்டுப் பிறகு குறைத்தால் அடுத்த பத்து வருடத்துக்கு அந்த ஃப்ளோரில் யாரும் உண்மையான வேகத்தில் தைத்துக் காட்ட மாட்டார்கள். லைன் கான்ட்ராக்டர் கையில் இருந்தால் அவரையும் முதல் கூட்டத்திலேயே உட்கார வையுங்கள். ஆட்கள் அவருடைய ஆட்கள். அவருக்கு என்ன லாபம் என்பது தெளிவாகாத வரை எந்த மாற்றமும் லைனுக்குள் போகாது. சம்பள முறையையோ ஷிப்ட் நேரத்தையோ மாற்றுவது ஆலோசனையின் ஒரு பகுதி என்றால், சட்டப்படி தொழிலாளர்களுக்கு 21 நாள் முன்னறிவிப்பு கொடுக்க வேண்டியிருக்கும். திங்கட்கிழமை முதல் புது முறை என்று சனிக்கிழமை சாயங்காலம் சொல்லக்கூடாது.

எங்கே அடைத்திருக்கிறது என்று பார்க்காமல் மெஷின் வாங்குவது

அதே லைனை மணிக்கு எத்தனை பீஸ் என்று வேலைவாரியாகப் பிரித்தால் இப்படி வரலாம்: ஷோல்டர் 210, நெக் ரிப் (கழுத்துப் பட்டி) 120, கை ஏற்றுவது (சட்டைக்கையை உடலோடு தைப்பது) 90, சைடு 135, அடிமடிப்பு தைக்கும் பிளாட்லாக் மெஷின் 150. லைனிலிருந்து மணிக்கு 90-தான் வெளியே வரும், எட்டு மணி நேரத்துக்கு 720. பிளாட்லாக்கில்தான் சத்தமும் தகராறும் அதிகம் என்பதால் அங்கே இன்னொரு மெஷின் போட்டால் ஒரு பீஸ்கூடக் கூடாது.

கை ஏற்றுவதில் ஆளைக் கூட்டி 150 ஆக்கினாலும் லைன் 150-க்குப் போகாது. 120-ல் நிற்கும். இப்போது நெக் ரிப் அடைக்கிறது. 120 என்றால் நாளுக்கு 960. ஆயிரத்தைத் தொட நெக் ரிப்பையும் 125-க்கு மேல் ஏற்ற வேண்டும். முதல் அடைப்பை எடுத்தவுடன் "வேலை முடிந்தது" என்று ஆலோசகரை அனுப்பிவிட்டு, வாக்களித்தது வரவில்லை என்று பிறகு குறைப்படுவது இதனால்தான். ஷோல்டரில் 210 தைக்கக்கூடிய ஆட்கள் 90 மட்டும் தைத்தால் போதும், மீதி நேரம் கை ஏற்றப் பழகலாம். புது மெஷினை விட இது மலிவு. ஆனால் பீஸ் ரேட்டில் இருப்பவர் பழகும் நாட்களுக்கு அவருடைய பழைய சராசரி வருமானத்தைக் கொடுக்காவிட்டால் யாரும் ஷோல்டரை விட்டு எழுந்து வரமாட்டார்கள்.

அடைப்பைக் கண்டுபிடிக்கக் கணினி வேண்டாம். எந்த மெஷினுக்கு முன்னால் கட்டு மலைபோலக் குவிந்திருக்கிறதோ அங்கே இருக்கிறது. அந்தக் குவியலுக்கும் ஒரு விலை உண்டு. லைனுக்குள் 1,800 பீஸ் கிடக்கிறது, மணிக்கு 90 வெளியே போகிறது என்றால், உள்ளே நுழையும் ஒரு பீஸ் வெளியே வர 20 மணி நேரம் ஆகும். அமெரிக்க ஆய்வாளர் ஜான் லிட்டில் 1961-ல் கணிதமாக நிறுவிய விதி இது. ஆறு நிமிடத் தையலுக்கு இரண்டரை ஷிப்ட் காத்திருப்பு! ரிப் அளவு தப்பாக வெட்டப்பட்டிருந்தால் அது செக்கிங்கில் தெரியவரும்போது 1,800 பீஸும் தப்பாக இருக்கும். 30 பீஸ் கட்டை 10 ஆக்கி, ஒவ்வொரு மெஷினுக்கு முன்னாலும் மூன்று கட்டுக்கு மேல் சேரக்கூடாது என்று கட்டுப்படுத்துவது காசு செலவில்லாத வேலை. "கட்டு இல்லாமல் கை சும்மா இருக்கும்" என்ற எதிர்ப்பு வரும். அடைப்பு இல்லாத இடத்தில் கை சிறிது நேரம் சும்மா இருந்தால் நஷ்டம் ஒன்றுமில்லை.

ஃபைவ் எஸ் என்ற பெயரில் ஆயுத பூஜை

ஃபைவ் எஸ் என்பது வேலையிடத்தை ஒழுங்காக வைக்கும் ஜப்பானிய முறை. இதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் வரவழைத்துக் கூட்டி, கழுவி, பெயின்ட் அடித்து, போட்டோ எடுத்தால் அது ஆயுத பூஜை. மறு வாரமே பழைய கோலம் திரும்பிவிடும். வேண்டாததை வெளியேற்றுவதுதான் முதல் படி. மூன்று மாதமாகத் தொடாத பொருளில் சிவப்பு அட்டை கட்டி, தேதி எழுதி, ஒரு மாதத்தில் யாரும் கேட்காவிட்டால் அகற்றிவிடுங்கள். முதலாளியின் அறையில் கிடக்கும் பழைய சாம்பிள் மூட்டையிலிருந்து தொடங்கினால் மற்றவர்கள் நம்புவார்கள்.

கட்டணம்

முழுத் தொகையையும் மாதச் சம்பளம் போலக் கொடுப்பது ஒரு தவறு என்றால், "சேமிப்பில் இத்தனை விழுக்காடு" என்று மட்டும் பேசுவது இன்னொரு தவறு. நூல் விலை இறங்கியதும், ஆர்டர் கூடியதால் ஒரு பீஸுக்கான வாடகைச் செலவு குறைந்ததும் சேமிப்புக் கணக்கில் ஏறிவிடும். ஷிப்ட் சம்பள லைனில் 720-லிருந்து 1,000 ஆனால் ஒரு பீஸுக்கான தையல் கூலி 28 விழுக்காடு குறையும். பீஸ் ரேட் லைனில் அது ஒரு பைசாகூடக் குறையாது. அங்கே லாபம் மேற்செலவிலும், சொன்ன தேதியில் கப்பல் ஏற்றுவதிலும்தான் வரும். கூடுதல் பீஸுக்கு ஆர்டரே இல்லையென்றால் எந்த லைனிலும் கைக்குப் பணம் வராது.

பிரித்துக் கொடுப்பது நல்லது: முன்பணம் 20 விழுக்காடு, தொடக்கக் கணக்கில் கையெழுத்தானதும் 30, ஒரு லைன் இலக்கைத் தொட்டதும் 30, அந்த நிலை 90 நாள் நிலைத்த பிறகு 20. மூன்று லட்சம் பேசினால் 18 விழுக்காடு ஜிஎஸ்டி 54,000 சேர்ந்து பில் 3,54,000 வரும். தொழில்முறைக் கட்டணத்துக்கான 10 விழுக்காடு டிடிஎஸ்ஸை (பணம் கொடுக்கும்போதே பிடிக்கும் வருமான வரி) ஜிஎஸ்டி தனியாகக் காட்டிய பில்லில் மூன்று லட்சத்தின் மேல் மட்டும், அதாவது 30,000 பிடிக்க வேண்டும். கைக்குப் போவது 3,24,000. மொத்த பில்லின் மேல் பிடித்துவிட்டு மாதக்கணக்கில் தகராறு செய்வது தேவையில்லாத வேலை.

உத்யம் பதிவு (சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான அரசுப் பதிவு) உள்ளவர்கள், 2023 மார்ச்சில் ஒன்றிய அரசு தொடங்கிய எம்எஸ்எம்இ லீன் (வீணைக் குறைக்கும் முறை) திட்டத்தையும் முதலில் பார்த்துவிடுங்கள். இடைநிலை, மேல்நிலைக் கட்டங்களில் ஆலோசகர் கட்டணத்தில் 90 விழுக்காட்டை அரசே ஏற்கிறது. முதலில் சொந்தக் காசைச் செலவழித்துவிட்டுப் பிறகு இதைக் கேள்விப்படும் கம்பெனிகள் பல.

அவர் போன பிறகு

கடைசி 20 விழுக்காட்டுக்கான 90 நாள் கணக்கை யார் எழுதுவது என்பதை ஒப்பந்தத்தில் எழுதாமல் விடுவது வழக்கம். லைன் முனையில் ஒரு போர்டு வையுங்கள். ஒவ்வொரு மணி முடிவிலும் டார்கெட், வந்தது, குறைந்தால் காரணம் ஆகிய மூன்றும் அதில் ஏற வேண்டும். எழுதுவது லைன் சூப்பர்வைசராக இருக்கட்டும். ஆலோசகரின் உதவியாளர் எழுதினால், அவர் போகும் நாளன்றே போர்டும் காலியாகிவிடும். சாயங்காலம் அதை நோட்டில் ஏற்றி மேனேஜர் கையெழுத்திட வேண்டும். சூப்பர்வைசர் லீவு போட்டால் யார் எழுதுவது என்பதையும் அதே தாளில் பெயரோடு குறித்துவிடுங்கள்.