செயின் தொங்கினால் உடனே கிரீஸ் கன்னைத் தூக்காதீர்கள்

காட்பாடி பக்கம் என் ஷெட்டுக்கு வரும் டோசர் (சக்கரத்துக்குப் பதில் இரும்புச் செயினில் ஓடும் புல்டோசர்) முதலாளிகள் இறங்கியதும் சொல்வது, "மேஸ்திரி, செயின் லூசாயிடுச்சு, கொஞ்சம் டைட் வெச்சுக் குடுங்க." அதற்குள் ஆபரேட்டர் மூன்று நாலு தடவை அட்ஜஸ்டரில் கிரீஸ் அடித்து, ஐட்லரை (செயின் சுற்றி ஓடும் முன்சக்கரம்) முன்னால் தள்ள முடிந்த மட்டும் தள்ளியிருப்பார். இனிப் போக இடமில்லை என்றதும்தான் என் ஞாபகம் வரும்.

செயின் இழுபட்டு நீள்வதில்லை. ஒவ்வொரு மூட்டிலும் லிங்க்குகளை (செயினின் கண்ணிகளை) இணைக்கும் பின் என்ற தண்டு ஒரு பக்கம் தேய்கிறது, அதன் மேல் இருக்கும் புஷ் என்ற குழாய் உள்ளே ஒரு பக்கம் தேய்கிறது. ஒரு மூட்டில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான். ஆனால் ஒரு பக்கச் செயினில் முப்பத்தைந்து, நாற்பது மூட்டு இருக்கிறதே! அதெல்லாம் சேர்ந்துதான் செயின் பாம்பு மாதிரி நெளிகிறது. இது போக, செயினை இழுக்கும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டின் பல் படும் இடத்தில் புஷ் வெளியிலும் தேய்கிறது. இந்த நிலையில் டைட் வைத்தால் தேய்ந்த இடத்திலேயே இன்னும் பாரம் ஏறும், அவ்வளவுதான்.

நம்ம ஊர் மண்ணும் சும்மா விடாது. பாலாற்று மணலில் இருப்பது குவார்ட்ஸ். புஷ்ஷின் கெட்டியான மேல்தோலையே அரைத்துவிடும். ஏரி தூர் வாரும் களிமண் வேறு மாதிரி. பல் இடுக்கில் அடைத்துக்கொண்டு செயினைத் தானாகவே இறுக்கிவிடும். அதனால் டைட் பார்ப்பதென்றால் வேலை செய்யும் இடத்தில், அந்த மண் ஒட்டியிருக்கும்போதே பாருங்கள். கழுவிவிட்டு ஷெட்டில் வைக்கும் டைட் ஏரிக்குள் இறங்கியதும் அதிகமாகிவிடும்.

சரி, தேய்மானம் எவ்வளவு என்று அளப்பதற்கு மட்டும் நன்றாகக் கழுவிக்கொள்ளுங்கள். ஸ்ப்ராக்கெட்டின் மேல்பக்கம், பல்லுக்கும் செயினுக்கும் நடுவில் ஒரு பழைய பின்னை வையுங்கள். ஆள் விலகிய பிறகு வண்டியை ஒரு சாண் ரிவர்ஸ் எடுத்தால் மேல் செயின் விறைத்து நிற்கும். இன்ஜினை அணைத்து, பிரேக் போட்டு, பிளேடைத் தரையில் இறக்கிய பிறகே கிட்டே போங்கள். ஒரு பின்னின் ஓரத்திலிருந்து ஐந்தாவது பின்னின் அதே ஓரம் வரை டேப் பிடித்தால் நாலு லிங்க் நீளம் கிடைக்கும். மாஸ்டர் பின் (செயினைக் கழற்ற எடுக்கும் பின்) அதற்குள் வரக்கூடாது. புதுசில் ஒரு பிட்ச் (ஒரு லிங்க் நீளம்) 203 மி.மீ. என்றால் நாலுக்கு 812. உங்களுக்கு 824 காட்டினால் லிங்க்குக்கு 3 மி.மீ. கூடியிருக்கிறது, அநேகமாகப் பின்னையும் புஷ்ஷையும் பக்கம் மாற்றித் திருப்பும் நேரம் வந்துவிட்டது. சரியான வரம்பு உங்கள் மெஷின் புத்தகத்தில் இருக்கும். இரண்டு பக்கமும், ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று இடத்தில் அளந்து எழுதி வையுங்கள்.

அப்புறம் புஷ்ஷின் வெளிவிட்டம். காலிப்பரைச் சுற்றிச் சுற்றிப் பிடித்து, எது குறைவோ அதைக் கணக்கில் எடுங்கள். நகத்தை ஓட்டிப் பார்த்தால் படி மாதிரி தட்டும், அதுதான் பல் உட்காரும் இடம். விரிசல் விட்ட புஷ்ஷையும், கெட்டித்தோல் போய்விட்ட புஷ்ஷையும் திருப்பிப் பயனில்லை, மாற்ற வேண்டியதுதான். பின்னையும் புஷ்ஷையும் 180 டிகிரி திருப்பி ஏற்றுவதன் கணக்கே, தேயாத பக்கத்தைப் பாரத்துக்குக் கொண்டுவருவதுதான். அந்தப் பக்கம் ஒன்றுதான் இருக்கிறது, இன்னொரு தடவை திருப்ப முடியாது. லிங்க்கின் ரயில் (ரோலர் உருளும் பக்கம்) உயரமும் பாருங்கள். ரயில் தேய்ந்து, கீழ் ரோலரின் விளிம்பு பின் இருக்கும் மேட்டில் இடிக்க ஆரம்பித்திருந்தால் திருப்புகிற கூலி தண்டம். ஸ்ப்ராக்கெட் பல் கூராகியிருந்தால் அதையும் கூடவே மாற்றுங்கள்.

ஆயில் உள்ள செயினாக இருந்தால் விஷயம் மாறும். உள்ளே ஆயில் இருக்கும்வரை பின்னும் புஷ்ஷின் உட்பக்கமும் பெரிதாகத் தேயாது, வெளித்தேய்மானம்தான் கணக்கு. ஆயிலை உள்ளே அடைத்து வைக்கும் சீல் போன மூட்டு மட்டும் காய்ந்து சூடாகும். அதைக் கண்டுபிடிக்க, வண்டி ஒரு மணி நேரம் ஓடியதும் நிறுத்தி, பின் முனைகளில் ஒவ்வொரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். மற்றதில் சொட்டு அப்படியே நிற்கும், காய்ந்த மூட்டில் சுர்ரென்று போகும். இதை விடியற்காலையில் செய்யுங்கள். வேலூர் வெயிலில் பதினொரு மணிக்குப் பார்த்தால் எல்லாப் பின்னும் சூடாகத்தான் இருக்கும்.

செயினைக் கழற்ற சமதளம் வேண்டும். மாஸ்டர் பின் ஐட்லருக்கு முன்னால், நடு உயரத்தில் வரும்படி நிறுத்தி, செயின் சரியாமல் கட்டை முட்டுக் கொடுங்கள். அடுத்து, செயினைத் தளர்த்தக் கிரீஸை வெளியே விடும் அட்ஜஸ்டர் வால்வு. புத்தகத்தில் சொன்ன சுற்றுக்கு மேல் திருகாதீர்கள், முழுசாகக் கழற்றவே கூடாது. உள்ளே இருக்கும் கிரீஸ் தோலைத் துளைத்து உள்ளே போகிற அழுத்தத்தில் வரும். முகத்தையும் கையையும் துவாரத்துக்கு நேரே வைக்காதீர்கள். கிரீஸ் வரவில்லை என்றால் இன்னும் திருகாமல் வண்டியை முன்னும் பின்னும் கொஞ்சம் அசைத்துப் பாருங்கள்.

மாஸ்டர் பின்னை எடுக்கும்போது நான் செய்த முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். அப்போது நான் ஹெல்பர். பின் முனையில் நேராகச் சம்மட்டியால் போட்டேன். கெட்டி இரும்பு மேல் கெட்டி இரும்பு. மூன்றாவது அடியில் சீவல் தெறித்து இடது முன்கையில் ஏறியது. வலியே இல்லை, சட்டைக் கை நனைந்ததும்தான் தெரிந்தது. எக்ஸ்ரேயில் அரிசி அளவு ஒரு துண்டு. இப்போது என் ஷெட்டில் இழுத்து எடுக்கும் டூல் இருக்கிறது. அடித்தே ஆக வேண்டுமென்றால் நடுவில் மென்மையான இரும்பில் செய்த ஒரு தண்டு, கண்ணுக்குக் கண்ணாடி.

மற்ற பின்களை எடுக்க நூறு டன்னுக்குக் குறையாத செயின் பிரஸ் வேண்டும். கேஸ் வைத்துச் சூடு காட்டி ஜாக்கியால் தள்ளித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் செயினை எடுத்துக்கொண்டு திரும்பிவிடுங்கள். சூடு பட்டதும் புஷ்ஷின் கெட்டித்தன்மை போய்விடும், லிங்க் துளையும் பிடி இழக்கும். பிரஸ்ஸுக்குக் கொடுக்கும் முன் ஒவ்வொரு பின்னிலும் புஷ்ஷிலும் தேய்ந்த பக்கத்துக்குச் சாக்பீஸ் கோடு போடுங்கள். திரும்பி வரும்போது எல்லாக் கோடும் எதிர்ப்பக்கம் இருக்கிறதா என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். ஒருமுறை எனக்கு ஆறு புஷ் திருப்பாமலே வந்தது.

மாட்டிய பிறகு ஷூ (தரையில் படும் தகடு) போல்ட்டைப் புதுசாகப் போட்டு, புத்தகத்தில் உள்ள டார்க்கில் முறுக்கி, ஒரு நாள் ஓடியதும் மறுபடி பாருங்கள். ஆபரேட்டரிடம் ஒரு வார்த்தை: ரிவர்ஸில் வேகமாக ஓட்டக்கூடாது. ரிவர்ஸில் பாரத்தோடு புஷ் பல்லின் மேல் உரசிக்கொண்டே திரும்பும், தேய்மானம் அங்கேதான் அதிகம். பின்னாலேயே திரும்பி வருவதுதான் வேலை என்றால் இரண்டாம் கியரோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லுங்கள். திருப்பிய தேதியையும் மணி மீட்டரையும் பெயின்ட்டால் பெட்டிக் கதவின் உட்பக்கம் எழுதிவிடுங்கள், நோட்டு தொலைந்துவிடும்.