மின்சார காரை உயர்த்த முதலில் டயரைப் பாருங்கள்

மண் பாதையில் அடி தட்டுகிற மின்சார காருக்கு லிஃப்ட் கிட் (காரை உயர்த்தும் பாகங்கள்) தேடும் முன், டயர் மாற்றும்போது பக்கச்சுவர் ஒரு படி உயரமான அளவைப் போடுங்கள். டயர் அளவில் முதல் எண் அகலம் மி.மீ.யில், அடுத்தது அந்த அகலத்தில் பக்கச்சுவர் எத்தனை சதவீதம் என்பது. 215/60 ஆர்16 இருந்த இடத்தில் 215/65 ஆர்16 போட்டால் பக்கச்சுவர் 129 மி.மீ.யிலிருந்து சுமார் 140 மி.மீ. ஆகும், கார் 11 மி.மீ. வரை உயரும். லிஃப்ட் கிட்டில் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூண்) மேல் வைக்கும் ஸ்பேசர் என்ற இடைத்துண்டு பாடியையும் அதோடு பேட்டரியையும் மட்டுமே தூக்கும், சக்கரத்தைப் பிடிக்கும் கீழ் ஆர்மின் சக்கரப் பக்க முனை பழைய உயரத்திலேயே நிற்கும். டயரோ எல்லாவற்றையும் சேர்த்துத் தூக்குகிறது. சக்கரத்தைச் சுழற்றும் டிரைவ்ஷாஃப்ட்டின் கோணமும் மாறாது, அலைன்மென்ட்டும் (சக்கரங்கள் நிற்கும் கோணம்) கெடாது.

நான்கையும் ஒன்றாக மாற்றுங்கள். பேட்டரி எடை இருப்பதால் லோட் இண்டெக்ஸ் (டயர் தாங்கும் எடையைக் குறிக்கும் எண்) பழைய டயரைவிடக் குறையவே கூடாது, இதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஸ்பீடோமீட்டர் சுமார் 3% குறைவாகக் காட்டும். ரேஞ்சும் (ஒரு சார்ஜில் ஓடும் தூரம்) கொஞ்சம் இறங்கும்.

ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து, ஆள் ஏற்றிப் பார்க்கும்போது டயர் சக்கரக் குழியின் உள்லைனரையோ (உள் உறை) ஸ்பிரிங் தட்டையோ உரசினால் இந்த வழி உங்கள் காருக்கு ஆகாது. 20 மி.மீ.க்கு மேல் உயரம் வேண்டுமானாலும் டயர் மட்டும் போதாது.